காட்டுத்தீயும் வீடும்: தீயணைப்புத் தொண்டர் பயிற்சி தரும் பாடம்

ஒரு கேள்வியுடன் இப்பாடத்தைத் தொடங்குவோம்.

கோடைகாலப் பிற்பகல். காட்டோரத்தில் பத்து வீடுகள் இருக்கின்றன. பலத்த காற்றோடு காட்டுத்தீ அவற்றை நோக்கி வருகின்றது. ஒரேயொரு தண்ணீர் வண்டி வந்து சேருகின்றது. அதில் ஐந்து தொண்டர்களும் சில ஆயிரம் லீற்றர் தண்ணீரும் மாத்திரமே உள்ளன. அவர்கள் முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?

"தீக்கு மிகக் கிட்ட இருக்கும் வீட்டுக்கு" என்று நம்மில் பலர் சொல்வோம். "ஏற்கெனவே பற்றிய வீட்டுக்கு" என்று வேறு சிலர் சொல்வர். பயிற்சி பெற்ற தொண்டர் இவ்விரண்டையும் சொல்லமாட்டார். அவர் முதலில் தாம் திரும்பிப் போகும் வழியைப் பார்ப்பார். அடுத்ததாக, சிறிது உதவி கிடைத்தால் தப்பி நிற்கக்கூடிய வீடு எது என்று பார்ப்பார். காப்பாற்ற முடியாத வீட்டை விட்டுச் செல்வார். கேட்பதற்கு இது கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். ஆனால் பல உயிர்களைப் பறிகொடுத்த பின்னரே இந்தப் பாடம் கற்றுக்கொள்ளப்பட்டது.

வீட்டை ஒருமுறை இழந்தவர்களுக்கு அடுத்த கூரையின் பெறுமதி நன்கு தெரியும். ஆகவே இப்பயிற்சியில் நமக்கு என்ன உண்டு என்பதையும் இறுதியில் பார்ப்போம்.

1. யார் இந்தத் தொண்டர்கள்?

அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கில் உள்ள விக்ரோரியா மாநிலம், உலகில் காட்டுத்தீ அபாயம் மிகுந்த இடங்களில் ஒன்றாகும். 1939 ஜனவரியில் அங்கு ஏற்பட்ட தீயில் 71 பேர் மாண்டனர். அதன் பின்னர் நடந்த விசாரணைகளின் பயனாக, 1945 இல் கிராமியத் தீயணைப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. அதன் பலம் சம்பளம் பெறாத தொண்டர்களே ஆவர். கமக்காரர், மாடு வளர்ப்போர், கடை வைத்திருப்போர், ஆசிரியர், இல்லத்தரசிகள் எனப் பலதரப்பட்டோர் அதில் இருக்கின்றனர். அழைப்பு வந்ததும் கையிலுள்ள வேலையை விட்டுத் தமது கிராமத்துத் தண்ணீர் வண்டியில் ஏறுவர்.

கமக்காரனுக்கு நெருப்புப் புதியதல்ல. வயலிலும் தோட்டத்திலும் நெருப்பைக் கையாண்டவன் அவன். அப்படியிருக்க, பயிற்சி எதற்கு? புல் எரிவதை அடித்து அணைப்பது ஒரு வேலை. வீட்டின் முன்னால் நின்று காட்டுத்தீயை எதிர்கொள்வது முற்றிலும் வேறு வேலை. வீட்டுக்குள் சமையல் வாயு, மின்கம்பி, எரிபொருள் என்பன இருக்கும். வெளியேற மறுக்கும் முதியவரும் இருக்கலாம். புகையில் பாதை தெரியாது. "என் வீட்டைக் காப்பாற்றுங்கள்" என்று கெஞ்சும் முகம் முன்னால் நிற்கும். அந்த நேரத்தில் சரியாக முடிவெடுக்க, முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

2. வீடு எப்படிப் பற்றுகின்றது?

பயிற்சியின் முதற் பாடம் இதுவே. காட்டுத்தீ மூன்று வழிகளில் வீட்டைத் தாக்குகின்றது.

முதலாவது, தீப்பொறி. எரியும் பட்டை, இலை, சுள்ளி என்பவற்றைக் காற்று தூக்கி வந்து போடும். பெருந்தீ வருவதற்கு முன்னரும், அது கடந்துபோய்ப் பல மணி நேரத்தின் பின்னரும் பொறிகள் விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, அனல். சுவாலை தொடாமலே அதன் வெப்பம் மரச்சுவரைக் கருக்கும். கண்ணாடியை வெடிக்கச் செய்யும். யன்னல் உடைந்தால் பொறி உள்ளே நுழையும்.

மூன்றாவது, சுவாலை நேரே தொடுதல். சுவரோடு சாய்த்த விறகு, வாசலோரச் செடி, மரவேலி என்பன தீயை வீட்டுக்கு அழைத்து வரும் ஏணிகள் ஆகும்.

1983 பெப்ரவரி 16 ஆந் திகதி விக்ரோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் மூண்ட தீயில் 75 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. ஆராய்ச்சியாளர்கள் எரிந்த வீடுகளையும் எரியாத வீடுகளையும் ஒன்றொன்றாகப் பார்வையிட்டனர். பெரும்பாலான வீடுகளை அழித்தது மதில் போல எழுந்த பெருஞ்சுவாலை அல்ல, சின்னஞ்சிறு பொறிகளே என்று கண்டனர். பொறி விழுந்த இடத்தில் காய்ந்த சருகு இருந்தது. அல்லது கூரைக்குள் புக இடைவெளி இருந்தது. ஆள் ஒருவர் நின்று அந்தச் சிறு நெருப்பை ஒரு வாளித் தண்ணீரால் அணைத்த பல வீடுகள் தப்பின.

வேறொரு பரிசோதனை கனடாவின் வடமேற்குப் பகுதியில் 1990 களின் இறுதியில் நடைபெற்றது. காட்டுக்கு வேண்டுமென்றே தீ வைத்து, அதன் எதிரே 10, 20, 30 மீற்றர் தூரங்களில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தனர். 10 மீற்றரில் நின்ற சுவர்களுள் சில தீப்பற்றின. 20 மீற்றரிலும் 30 மீற்றரிலும் நின்றவை பற்றவில்லை. காட்டுத்தீ எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வீட்டின் கதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வீடும் அதைச் சுற்றியுள்ள சில பத்து மீற்றர் நிலமுமே என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

3. வீடுகளைத் தரம் பிரித்தல்

பயிற்சியாளர்கள் தொண்டர்களை ஒரு தெருவழியே அழைத்துச் சென்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் நிறுத்திக் கேட்பர்: "கூரை என்ன? பீலியில் சருகு உண்டா? மரம் எவ்வளவு கிட்ட? சரிவின் மேலா, கீழா? வண்டி திரும்ப இடமுண்டா? தண்ணீர் எங்கே? உள்ளே ஆட்கள் உண்டா?" சில நிமிடங்களுக்குள் மறுமொழி சொல்ல வேண்டும்.

சரிவு பற்றிய கேள்வி முக்கியமானது. தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும். சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது அவர்கள் படிக்கும் கணக்கு. ஆகவே மலை உச்சியில் உள்ள அழகான வீடே பெரும்பாலும் ஆபத்தான வீடாகும்.

இவ்வாறு பார்த்து, வீடுகளை மூன்று வகையாகப் பிரிப்பர்:

(அ) தானாகவே தப்பக்கூடியது. சுற்றாடல் துப்புரவாக உள்ளது. இதில் ஆளை நிறுத்தி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. தீ கடந்த பின் வந்து பார்த்தாற் போதும்.

(ஆ) உதவி கிடைத்தால் தப்பக்கூடியது. ஐந்து பேர் பத்து நிமிடம் வேலை செய்தால் நிலைமை மாறும். தண்ணீரும் உழைப்பும் இங்கேதான் செலவாக வேண்டும்.

(இ) காப்பாற்ற முடியாதது. தீ உள்ளே பரவிவிட்டது. அல்லது அங்கு நிற்பது தொண்டரின் உயிருக்கு ஆபத்து. உள்ளே ஆட்கள் இருப்பின் அவர்களை வெளியேற்ற முயல வேண்டும். வீட்டை விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் வகை வீட்டில் செலவிடும் தண்ணீர், இரண்டாம் வகை வீட்டிலிருந்து பறித்தெடுத்த தண்ணீர் ஆகும். முதலிற் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

4. திரும்பிப் போகும் வழி

1998 டிசெம்பர் 2 ஆந் திகதி, விக்ரோரியாவில் லின்ரன் என்னும் ஊரின் அருகே காட்டுத்தீயை அணைக்கச் சென்ற இரு தண்ணீர் வண்டிகள் காட்டுப் பாதையில் இருந்தபோது காற்று திசை மாறியது. அதுவரை பக்கவாட்டில் மெதுவாக எரிந்துகொண்டிருந்த தீ அவர்களை நோக்கித் திரும்பியது. ஒரு வண்டியிலிருந்த ஐந்து தொண்டர்களும் மாண்டனர். மற்ற வண்டியில் இருந்தோர் உயிர் தப்பினர்.

காற்று திரும்பும்போது என்ன நடக்கின்றது? காற்றோடு ஓடும் தீ, நீண்ட ஒடுங்கிய பாய் போல நிலத்தில் விரிகின்றது. அதன் முனைதான் வேகமானது. நீண்ட பக்கங்கள் மெதுவானவை. காற்று பக்கவாட்டிலிருந்து வீசத் தொடங்கினால் அந்த நீண்ட பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் முனையாகிவிடும். விக்ரோரியாவில் கோடையில் வடக்கிலிருந்து வரும் வெப்பக்காற்று திடீரெனத் தென்மேற்குக்கு மாறுவது வழக்கம். 1983 இலும் பல உயிர்கள் காற்று மாறிய பின்னரே பலியாகின.

லின்ரன் துயரத்தின் பின்னர், தீக்களத்திற்குச் செல்லும் தொண்டர் ஒவ்வொருவரும் குறைந்தபட்சப் பயிற்சியைப் பெற்றிருக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. வண்டியில் உள்ள தண்ணீர் முழுவதையும் தீயில் ஊற்றிவிடக் கூடாது, ஒரு பகுதியைத் தமது உயிர் காக்க மிச்சம் வைக்க வேண்டும் என்பது அசைக்க முடியாத விதியாயிற்று. தீ வண்டியைச் சூழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் கோடைக்கு முன்னர் ஒத்திகை பார்க்கின்றனர். வண்டிக்குள் தாழ இருந்து, கம்பளியால் மூடி, அனல் தணியும் வரை வெளியே பாயாமல் இருக்கப் பழகுகின்றனர்.

அமெரிக்காவிலும் இத்தகைய அனுபவம் உண்டு. 2006 ஒக்ரோபர் 26 ஆந் திகதி, கலிபோர்னியாவில் மலைமேல் இருந்த வீடொன்றைக் காக்க நின்ற ஐந்து தீயணைப்பு வீரர்களைத் தீ சூழ்ந்து கொன்றது. அந்த வீட்டில் அப்போது எவரும் இருக்கவில்லை. வெறும் சுவரையும் கூரையையும் காக்க ஐந்து குடும்பங்கள் தம் பிள்ளைகளை இழந்தன.

அமெரிக்கத் தீயணைப்பு வீரரான போல் கிளீசன் 1991 இல் வகுத்த நான்கு கட்டளைகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன: தீயைக் கவனிக்க ஒருவரை நிறுத்து, ஒருவரோடொருவர் தொடர்பில் இரு, தப்பியோடும் வழியை அறிந்துகொள், பாதுகாப்பான இடத்தைத் தீர்மானித்து வை. இந்த நான்கும் இல்லாத இடத்தில் வேலை தொடங்கக் கூடாது.

5. வீட்டு வாசலில் செய்யும் வேலைகள்

இரண்டாம் வகை வீட்டுக்கு வந்ததும் முதலில் வண்டியை வெளியேறும் திசைக்குத் திருப்பி நிறுத்துவர். பாதையை மறிக்கமாட்டார். பின்னர், தண்ணீரைத் தொடுவதற்கு முன்னரே கையால் செய்யும் வேலைகள் தொடங்கும். வாசலிற் கிடக்கும் பாய், கதிரை, பெட்டி என்பவற்றை அகற்றுவர். விறகைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவர். கதவு, யன்னல்களைச் சாத்துவர். சமையல் வாயுவை மூடுவர். பீலியின் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்புவர். வாளி, தொட்டி யாவற்றையும் நிரப்பி வைப்பர். கூரைக்கு ஏணி வைப்பர். நீர்க்குழாய் ஒன்றை எப்போதும் தமக்கெனத் தயாராக வைத்திருப்பர்.

தீயின் முன்முனை வரும்போது வெளியே நின்று வீரம் காட்டுவதில்லை. அனல் தாங்க முடியாத அந்த நேரத்தில் வண்டியோ வீடோ தொண்டர்களுக்கு மறைவிடமாகும். முனை கடந்ததும் வெளியே வந்து, கூரையையும் சுவரோரத்தையும் சுற்றிப் பார்த்துச் சிறு நெருப்புகளை அணைப்பர். பல மணி நேரம் இவ்வாறு சுற்றிவர வேண்டும். "தீ போய்விட்டது" என்று எல்லோரும் நிம்மதியாகப் போன பின்னர் கூரைக்குள் கனன்ற ஒரு பொறியால் எரிந்த வீடுகள் பல.

6. 2009 கற்பித்தது

2009 பெப்ரவரி 7 ஆந் திகதி விக்ரோரியாவில் 173 பேர் தீக்கு இரையாகினர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இறந்தவர்களிற் பலர் தமது வீடுகளிலேயே இறந்தனர். அதுவரை மக்களுக்குச் சொல்லப்பட்டது, "ஆயத்தம் செய்து நின்று வீட்டைக் காத்துக்கொள், அல்லது நேரத்தோடு வெளியேறு" என்பதாகும். மிகக் கடுமையான நாட்களில் நன்கு ஆயத்தம் செய்த வீடும் தப்பாது என்பதை அன்றைய தினம் காட்டியது. அரச விசாரணை ஆணைக்குழுவின் பின்னர், உயிருக்கே முதலிடம் என்பது அழுத்தமாகச் சொல்லப்படுகின்றது. தீ அபாயத்தின் மிக உயர்ந்த படி அறிவிக்கப்படும் நாளில், தீ தோன்றுவதற்கு முன்னரே அபாயப் பகுதியை விட்டுப் போகுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. புகையைக் கண்ட பின் வாகனத்தில் ஏறுவது பிந்திய வெளியேற்றம். அதுவே மிக ஆபத்தானது.

7. நமக்கு என்ன பாடம்?

நமது நாட்டுக் காட்டுத்தீ விக்ரோரியாவினது போன்றதல்ல. எனினும் பொறி எங்கும் பொறியே. கிடுகும் பனையோலையும் வேய்ந்த கூரை அதற்கு உகந்த உணவு. நெருக்கமாக அமைந்த தற்காலிகக் கொட்டில்களில் ஒன்று பற்றினால், சோளகமோ கச்சானோ வீசும் காலத்தில் அடுத்ததற்குப் பரவ அதிக நேரம் எடுக்காது. ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

• கொட்டிலைச் சுற்றியுள்ள நிலத்தைக் கூட்டிச் சருகின்றி வைத்திருங்கள். விறகும் ஓலையும் சுவரோடு இருக்க வேண்டாம். வைக்கோற் போரை வீட்டிலிருந்து தூரத்தில், காற்று வீட்டை நோக்கி வீசாத பக்கத்தில் வையுங்கள்.

• அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்த பின்னரே கொட்டுங்கள். பொறியின் தொடக்கம் பெரும்பாலும் நமது அடுப்படியே.

• கோடை காலத்தில் இரவிலும் வாளிகளில் தண்ணீர் இருக்கட்டும். நனைத்த சாக்கு, நீண்ட தடி, ஏணி என்பன எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

• ஒரு கொட்டில் பற்றினால், முதலில் உள்ளே ஆட்கள் உண்டா என்று பாருங்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டால், சுவாலை ஏறிய கூரையில் தண்ணீரை வீணாக்காமல், காற்று போகும் பக்கத்தில் உள்ள அடுத்த கூரையை நனையுங்கள். தொண்டர்கள் வீடுகளைப் பிரிக்கும் அதே விதிதான் இது. எரியும் கொட்டில் உங்களுடையதாயின் இது மிகக் கடினம். ஆகவேதான் முன்னரே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

• காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பங்கீட்டு அட்டை, வங்கிப் புத்தகம் என்பவற்றை ஒரே பையில் கதவருகே வையுங்கள். கொட்டிலை ஒரு கிழமையில் மீண்டும் கட்டலாம். உறுதி எரிந்தால் காணிக்கு உரிமை காட்ட எத்தனை வருடம் அலைய வேண்டும் என்பதை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம். ஆனால் எரியும் கொட்டிலுக்குள் அந்தப் பைக்காகவும் திரும்பப் போகக் கூடாது.

• மீளக் குடியேறிய காணியில் பற்றைகளை எரிப்பதாயின், முதலில் சுற்றிவரத் தீத்தடைப் பாதை வெட்டுங்கள். காற்று அடங்கிய நேரத்தில், அயலவருக்கு அறிவித்து, தண்ணீரோடு குறைந்தது மூவர் நில்லுங்கள். கடைசிப் புகையும் அடங்கும் வரை இடத்தை விட்டுப் போக வேண்டாம். கண்ணிவெடியோ வெடிக்காத குண்டோ இருக்கக்கூடிய காணியில் தீ வைக்கவே கூடாது. வெப்பத்தால் அவை வெடிக்கலாம். எரிந்து முடிந்ததால் நிலம் பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடக் கூடாது. கண்ணிவெடி அகற்றுவோர் பார்வையிட்டு அறிவிக்கும் வரை பொறுத்திருங்கள்.

• பத்துக் குடும்பங்களுக்கு ஐந்து பேர் கொண்ட குழுவொன்றை அமையுங்கள். ஒருவர் காற்றையும் தீயையும் கவனிப்பார். ஒருவர் பிள்ளைகளையும் முதியோரையும் குறித்த இடத்திற்கு அழைத்துச் சென்று தலை எண்ணுவார். மூவர் தண்ணீரைப் பார்ப்பர். பெண்களும் குழுவில் இருக்க வேண்டும். பகலில் வளவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. கோடை தொடங்குமுன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

தீயணைப்புத் தொண்டரின் பயிற்சியெல்லாம் சேர்ந்து நமக்குச் சொல்வது ஒன்றுதான்: வீடு காக்கப்படுவது தீ வரும் நாளில் அல்ல, முற்றம் கூட்டும் சாதாரண நாட்களிலேயே. தீ வரும் நாளில் காக்க வேண்டியது உயிரை.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் கோடையில் காற்று எப்பக்கமிருந்து வீசுகின்றது? எந்தக் கொட்டில் பற்றினால் ஆபத்து அதிகம்?

2. நமது கொட்டில்களை மேலே சொன்ன மூன்று வகைகளாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் வகையை முதலாம் வகையாக்க இந்தக் கிழமை என்ன செய்யலாம்?

3. இரவில் தீப்பற்றினால் பிள்ளைகளும் நடக்க இயலாதோரும் எந்த வழியாக, எங்கே போவர்? யார் கூட்டிச் செல்வார்?

4. "என் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டை நனையுங்கள்" என்று சொல்ல நாம் ஆயத்தமா? அப்படி வீட்டை இழக்கும் குடும்பத்துக்கு மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?